தொண்ணூற்றொன்பது

நிலக்கரி தீர்ந்துபோன மலைகளுக்கு நடுவே
கென்டக்கியில் ஒரு கவுண்டிச் சிறை.
நால்வருக்கான கூடத்தில் பதினோரு பெண்கள்.
வியாழன்தோறும் போகிறேன்
பன்னிரண்டு கேள்விகளோடு.
அழிப்பான் இல்லாத குட்டைப் பென்சிலுக்குத்தான் அனுமதி.

கேள்வி ஒன்றேதான், உனக்கு ஆளுண்டா?
பன்னிரண்டு விதமாகக் கேட்கிறோம்.
ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்.

தரையோடு திருகிய மேசைக்கு எதிரே
வெர்லீன் ஸ்டாம்பர்.
ஆரஞ்சுச் சட்டையின் கை
இரண்டு மடிப்பு மடித்திருக்கிறது.
வேறு யாருடைய அளவோ.

அவசரத்துக்குப் பணம் தர?
சிரித்தாள். முன்பல் பாதிதான்.
"எனக்குப் பிணை ஐந்நூறு டாலர்.
நாற்பத்தோரு நாளாச்சு.
அதைத்தான் ஜட்ஜ் அன்னைக்கே அளந்துட்டாரே."
ஒன்றை வட்டமிட்டேன்.

மருத்துவமனைக்கு அழைத்துப்போக?
"போன மாசம் ஷெரீப் ஆபீஸ் பையன் கூட்டிட்டுப் போனான்,
விலங்கு போட்டு.
வழியெல்லாம் ஹீட்டரை என் பக்கம் திருப்பி வெச்சான்.
அவன் கணக்குல வருவானா?"
கையேட்டைப் புரட்டினேன். விதி இல்லை.

மனக்கவலையைக் காதுகொடுத்துக் கேட்க?
பின்னால் திரும்பிக் கத்தினாள்:
"டோரீட்டா, என் கவலையக் கேப்பியா?"
"ராத்திரி ரெண்டு மணிக்கு வேண்டாம்"
என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.
கூடமே சிரித்தது.
"மூணு போடு" என்றாள். பிறகு,
"நாலு."
அழிக்க வழியில்லை,
மூன்றின்மேல் கோடு கிழித்தேன்.

டோரீட்டா செவ்வாயன்று வந்தவள்.
மாத்திரை கிடைக்காமல் உடம்பு தூக்கிப் போட
இரண்டு இரவு அவள் தலை
வெர்லீன் மடியில் இருந்ததாம்.
காவலாளி சொன்னாள்.
கொடுப்பதைப் பற்றி
எங்கள் தாளில் கேள்வியே கிடையாது.

தாளில் இல்லாத ஒன்றை நானாகக் கேட்டேன்:
யாருடைய எண் மனப்பாடம்?
"போனை வாங்கி வெச்சுட்டாங்களே.
மண்டையில இருக்கறது ஒண்ணுதான்.
பழைய மாமியார் வீட்டு லேண்ட்லைன்.
தினமும் சாப்பிட்டதும் அடிப்பேன்.
'இந்த எண்ணுக்கு இணைப்புத் தர இயலாது'ன்னு
ஒரு பொம்பள சொல்லும்.
அதுக்குக் காசு கிடையாது.
நல்ல குரல். முழுசாக் கேட்டுட்டுத்தான் வைப்பேன்."
பாட்டியல்ல, பாடமல்ல,
கடனட்டை எண்ணைப் போல
பத்து இலக்கத்தையும் ஒப்பித்தாள்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

சேதி எதையும் வெளியே கொண்டுபோவதில்லை என்று
ஏழு பக்கம் கையெழுத்திட்டவள் நான்.
ஆனால் எண்கள் என் பிழைப்பு, ஒட்டிக்கொள்ளும்.
வண்டிகள் நிற்குமிடத்தில், மழையில்,
அடித்துப் பார்த்தேன்.

மணி அடித்தது.
உள்ளிருந்து அடித்தால்தான் அது செத்த எண் போலும்.
ஆறாவது மணியில் எடுத்தார்கள்.
தொலைக்காட்சி இரைச்சல். ஒரு கரகரப்பு.
"வெர்லீனா?"

வைத்துவிட்டேன்.

அன்றிரவு தரவேற்றினேன். இருபத்தேழாம் வரிசை.
பன்னிரண்டாவது கேள்வி:
உன்னைத் தேடுகிறவர் யாரேனும் உண்டா?
என் கையெழுத்தில் நிற்கிறது அவள் சொன்ன ஒன்று.
அது தப்பென்று தெரிந்தவள்
உலகத்தில் நான் ஒருத்திதான்.
மாற்றினால் மோசடி.
பதில் இல்லாத கட்டங்களுக்கு
தொண்ணூற்றொன்பது என்று போடுவது எங்கள் வழக்கம்.
தெரிந்தும் சொல்லாததற்கு
எண் ஒதுக்கவில்லை.

அடுத்த வியாழன் வெர்லீன் இல்லை.
வேறு கவுண்டிக்கு மாற்றிவிட்டார்களாம்,
எது என்று யாருக்கும் தெரியவில்லை.
எதிரே டோரீட்டா உட்கார்ந்தாள்,
அதே சட்டை, இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக.
நான் தாளை எடுப்பதற்குள்
"உன் நம்பர் என்ன?" என்றாள்.
"மனப்பாடம் பண்ணிக்கறேன்."

ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்
என்று ஆரம்பித்தேன்.